வாசகர் கேள்வி – பதில்: விசுவாச வாழ்வில் மூத்தவர் துணை

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. சபையில் மூத்த ஒருவர் இளையவருக்கு வழிகாட்டியாக இருப்பது எப்படி, அத்தகைய ஒருவரை எங்கே தேடுவது, அந்த உறவு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் ஒரு ஞாயிறு கோவிலுக்குப் போகாவிட்டால் வீட்டுக்கே வந்து ஏனென்று கேட்பார்கள். இங்கே நான் போகும் ஆலயத்தில் மூன்று ஆராதனைகள் நடக்கின்றன. ஒரு வருடம் போகாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. எனக்கு ஆலோசனை சொல்லவும் எனக்காக ஜெபிக்கவும் மூத்த சகோதரி ஒருவரை நியமித்துத் தரும்படி ஆயரிடம் கேட்கலாமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: கேட்கலாம். ஆனால் நியமனத்தால் வரும் உறவு பெரும்பாலும் இரண்டு மூன்று சந்திப்புகளோடு நின்றுவிடுகிறது; இரு தரப்பும் கடமைக்காக உட்கார்ந்திருப்பதுதான் காரணம். லூக்கா முதல் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். எலிசபெத்து கர்ப்பவதியாயிருக்கிறாள் என்ற செய்தியைத்தான் தூதன் மரியாளுக்குச் சொன்னானேயொழிய, அவளிடம் போ என்று கட்டளையிடவில்லை. மரியாள் தானாக எழுந்து மலைநாட்டுக்குப் போனாள். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தாள். வெளியே யாரிடமும் எளிதில் சொல்ல முடியாத ஒரு நிலையில் இருந்த இளம்பெண், ஏறக்குறைய அதே நிலையில் இருந்த வயதான உறவுக்காரியைத் தேடிப் போனாள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. உங்கள் போராட்டம் வேலை, தனிமை, வீட்டில் நடக்கும் கல்யாணப் பேச்சு ஆகியவற்றைப் பற்றியதென்றால், அதே வழியில் நடந்து வந்த ஒருவர்தான் உங்களுக்குத் தேவை. மேடையில் நன்றாகப் பேசுகிறவரிடம் அது கிடைக்குமென்று உறுதியில்லை.

நடைமுறைக்கு வருவோம். மூன்று ஆராதனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாராவாரம் அதற்கே போங்கள்; ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்காருங்கள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் பிரித்து அடுக்கும் வேலை என்று கை வேலை செய்யும் ஏதாவது ஒரு சிறிய குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது வெளிப்படாத குணம், பரங்கிக்காயையும் வாழைத்தாரையும் சுமந்துகொண்டு ஒருவர் மற்றவரிடம் பேசும்போது வெளிப்பட்டுவிடும். அந்த அம்மா தன் மருமகளிடமும் கோவில் பணியாளரிடமும் எப்படிப் பேசுகிறார் என்பதைச் சில மாதங்கள் பாருங்கள். பிடித்திருந்தால், “எனக்கு வழிகாட்டியாக இருங்கள்” என்று பெரிதாகத் தொடங்கி அவரை மிரள வைக்காமல், “ஆன்ட்டி, வேலையை மாற்றலாமா என்று யோசிக்கிறேன், ஒரு அரை மணி நேரம் உங்களோடு பேசலாமா?” என்று கேளுங்கள். அவர் மறுத்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கக்கூடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. இந்த ஆண்டு திடப்படுத்தல் (ஞானஸ்நான உறுதிமொழியைத் தாமே ஏற்கும் சடங்கு) பெற்ற இரண்டு மாணவிகளைக் கவனித்துக்கொள்ளும்படி எங்கள் சபைக் குருவான ஐயரவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேதத்தை நான் தினமும் வாசிக்கிறேனே தவிர, விளக்கம் சொல்லும் அளவுக்கு ஞானம் எனக்கு இல்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது?
— வாசகி, சாயர்புரம்

பதில்: வேதத்தில் கரைகண்டவர்தான் இதற்குத் தகுதியானவர் என்ற எண்ணம் நம் சபைகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் (2 தீமோத்தேயு 1:5). அவர்கள் எந்தச் சபையிலும் பிரசங்கம் செய்ததாகச் செய்தி இல்லை. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை என்று வரும் பட்டியலைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி வீட்டுக்குள் நடக்கும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிப் பொருத்துவது என்பது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் கூட இருந்து கற்பதுதான் அங்கே சொல்லப்படும் முறை என்பதில் ஐயமில்லை.

உங்களுக்கு மெதடிஸ்ட் சபை வரலாற்றிலிருந்து ஒரு செய்தி சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களைப் போன்றவர்களால் நடந்த காரியம். 1742ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தார் தங்கள் கூடுகைக் கட்டடத்தின் கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்ல, பலரால் அதுகூட முடியாதே என்று மற்றொருவர் தடை சொன்னார். அப்போது கேப்டன் ஃபாய் என்பவர், ஏழைகளில் பத்துப் பன்னிரண்டு பேரை என் கணக்கில் விடுங்கள், வாரந்தோறும் நானே போய் வாங்குகிறேன், அவர்கள் கொடுக்க முடியாததை நான் போட்டு நிரப்புகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். காசு வாங்குவதற்காக வீடு வீடாகப் போனவர்கள் காசோடு சேர்த்து அந்த வீட்டாரின் நிலைமையையும் தெரிந்துகொண்டு வந்தார்கள்; யார் நொந்துபோயிருக்கிறார், யார் வழிதவறிப் போகிறார் என்பது அப்போதுதான் வெஸ்லிக்கே தெரிய வந்தது. கடனை அடைப்பதற்கென்று தோன்றிய இந்த ஏற்பாட்டிலிருந்துதான், பன்னிரண்டு பேர் அளவில் வாரந்தோறும் கூடி ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டங்கள் பிறந்து மெதடிஸ்ட் சபைகளெங்கும் பரவின. அவற்றை நடத்தியவர்கள் குருமார் அல்லர். கைத்தொழில் செய்கிறவர்களும் இல்லத்தரசிகளுமாக இருந்த சாதாரண மக்கள்.

நம் திருநெல்வேலிச் சபைகளில் சங்கக் காணிக்கை நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் சபை ஊழியருக்கும் இது பொருந்தும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். திண்ணையில் உட்கார்ந்து, பெயருக்கு நேரே தொகையை எழுதி, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “சின்னவன் இப்போ எங்கே வேலை பாக்கான்?” என்று கேட்பதற்குள் அந்த வீட்டின் பாதிக் கதை வெளியே வந்துவிடுகிறது. இன்று பல இடங்களில் காணிக்கையைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் வீட்டுக்குள் நுழைய இருந்த இயல்பான காரணம் ஒன்று போய்விட்டது.

ஆகவே அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பாடத்திட்டம் எதுவும் தயாரிக்காதீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வந்ததும் அடுக்களையில் ஏதாவது வேலை கொடுங்கள். முறுக்குப் பிழிந்துகொண்டோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை பேசும் பேச்சை, எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேசாது. போகும் முன் ஒரு சங்கீதம் வாசித்து அவரவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியலை பிள்ளை, ஐயரிடம் கேட்டு வைக்கிறேன்” என்று சொல்லி, அடுத்த முறை மறக்காமல் கேட்டுவந்து சொல்லுங்கள். நாற்பதாண்டு வகுப்பறைப் பழக்கத்தால் திருத்துவதற்கு உங்கள் கை பரபரக்கும். முதல் ஆறு மாதம் அதைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவர்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காப்பது உங்கள் கடமை. ஆனால் பிள்ளையின் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அந்த இரகசியத்தைக் காக்கக் கூடாது. யாராவது தவறாக நடக்கிறார்கள் என்று தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கும் பழக்கத்தால் நம் சபைகள் இழந்த பிள்ளைகள் போதும்.

கேள்வி: நானும் ஊரில் இருக்கும் ஒரு தம்பியும் வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் பகிர்ந்துகொள்கிறோம். வழிகாட்டும் உறவுக்கு இது போதுமா?
— வாசகர், சார்ஜா

பதில்: போதாது. யோவான் தம் இரண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, எழுத வேண்டியவை அநேகம் இருந்தும் “காகிதத்தினாலும் மையினாலும்” அவற்றை எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேச நம்பியிருக்கிறேன் என்கிறார். தொலைவில் இருக்கிறவருக்குக் கடிதம் எழுதத்தான் வேண்டும், பவுலும் எழுதினார். ஆனால் அனுப்பிய வசனத்துக்குக் கீழே ‘ஆமென்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் அந்தத் தம்பி நலமாக இருக்கிறான் என்று நீங்கள் நம்பிவிடுகிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் வசனத்தை நிறுத்திவிட்டு அழைத்துப் பேசுங்கள்; விடுமுறைக்கு வரும்போது ஒரு முழு நாளை அவனுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரி முதல் ஆண்டிலிருந்தே ஒரு ஊழியக் குழுவின் அண்ணன் அவனுக்கு வழிகாட்டியாக இருக்கிறார். முதலில் மகிழ்ந்தோம், குடியும் கெட்ட சகவாசமும் இல்லாமல் இருக்கிறானே என்று நன்றி சொன்னோம். இப்போது எந்தப் பாடம் படிக்க வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். பெங்களூரில் கிடைத்த பயிற்சி வேலையை, “தேவன் எனக்கு வெளிப்படுத்தினார், நீ போகக் கூடாது” என்று சொல்லித் தடுத்துவிட்டார். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஊழியக்காரரை எதிர்த்துப் பேசுவது பாவமாகுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: பாவமாகாது, அம்மா. கொரிந்து சபையைத் தாமே நிறுவியிருந்தும் பவுல் அவர்களுக்கு எழுதியது இது: “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்” (2 கொரிந்தியர் 1:24). அப்போஸ்தலனே எடுத்துக்கொள்ளாத அதிகாரத்தைக் கல்லூரி வளாகத்து அண்ணன் எடுத்துக்கொள்ள முடியாது. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களைப் பார்த்துச் சரிபார்த்தார்கள்; அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள்.

இது புதிய நோய் அல்ல. 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய மேய்ப்பர் இயக்கம் என்ற ஒன்றில், ஒவ்வொரு விசுவாசியும் தமக்கு மேலே ஒரு மேய்ப்பருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று போதிக்கப்பட்டது. வேலை மாற்றவும் திருமணம் செய்யவும்கூட மேய்ப்பரின் சம்மதம் கேட்கும் நிலை பல இடங்களில் வந்தது. நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார்கள், தனித்து அலையும் விசுவாசிகளுக்குத் துணை வேண்டுமென்றுதான். ஆனால் பல குடும்பங்கள் சிதைந்தன. அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வெளிப்பாடு என்ற பேச்சுகூட அல்ல. பெற்றோரிடம் சொல்லாதே என்ற சொல்தான். ஆலோசனை சொல்கிறவருக்கு அதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? பணம் கேட்டிருக்கிறாரா, கைப்பேசியை வாங்கிப் பார்க்கிறாரா, மற்ற நண்பர்களைவிட்டு விலக்கி வைக்கிறாரா என்பதையும் மெதுவாக விசாரியுங்கள். மகனிடம் அந்த அண்ணனைத் திட்டாதீர்கள். திட்டினால் அவருக்காக வாதாடுவதே அவன் வேலையாகிவிடும். “நீயே ஜெபித்து நீயே என்ன முடிவு எடுப்பாய்?” என்ற ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்தக் குழுவுக்கு மேலே பொறுப்பாளர்கள் இருப்பார்கள். நீங்களும் உங்கள் கணவரும் ஆயரோடு போய் அவர்களைச் சந்தியுங்கள். மேலே யாருமே இல்லை, அவர் யாருக்கும் கணக்குக் கொடுப்பதில்லை என்று தெரிந்தால், அந்தக் குழுவிலிருந்து மகனை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து.

வழிகாட்டுகிறவர் மேலேயும் மற்றவர் கீழேயும் நிற்கும்போது அன்பு எப்படித் திரிந்துபோகிறது என்பதை நம் ஊரார் ஒருவர் உலகத்துக்கே சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகள் தங்கள் பொருளையும் சரீரத்தையும் கொடுத்ததற்காக இந்தியச் சபை நன்றி செலுத்தும், ஆனாலும் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் முடித்தபோது அவையில் பலர் முகம் சுளித்தார்கள். இரண்டே ஆண்டில் அவர் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்பு பெற்ற முதல் இந்தியர் அவரே.

கேள்வி: வாலிபர் ஐக்கியத்தில் ஒரு பையனை எட்டாம் வகுப்பு முதல் நானே வளர்த்தெடுத்தேன் என்று சொல்லலாம். படிப்புக்கு உதவினேன், வேலை கிடைக்க அலைந்தேன். இப்போது அவன் கோவிலுக்கே வருவதில்லை. என் உழைப்பெல்லாம் வீணா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறீர்கள், அங்குள்ள சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் ஆலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். தஞ்சை மன்னர் துளஜா 1787இல் இறக்கும் முன், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைத்தார். துளஜாவுக்குப் பின் அவருடைய சகோதரர் அமர்சிங் அரியணையில் இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை அரண்மனைக்குள் ஒடுக்கப்பட்டுக் கல்வியும் மறுக்கப்பட்டபோது, ஐயர் அவனுக்காக வாதாடி, ஆசிரியர்களை ஏற்படுத்தி, கடைசியில் பாதுகாப்புக்காகச் சென்னைக்கு அனுப்பவும் காரணமாயிருந்தார். அதே ஐயர், பாளையங்கோட்டையிலிருந்து இன்னொரு சிறுவனையும் தஞ்சைக்கு அழைத்துவந்து மகனைப் போல வளர்த்தார். அவர்தான் பின்னாளில் சுவிசேஷக் கவிராயர் என்று பெயர்பெற்ற வேதநாயக சாஸ்திரியார். ஒரே கையில் வளர்ந்த இருவரில் ஒருவர் கிறிஸ்தவப் பாடல்களால் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கிறார். மற்றவர் கிறிஸ்தவராகவே ஆகவில்லை, தம் குலமதத்திலேயே நிலைத்திருந்தார்.

அதற்காகச் சுவார்ட்ஸ் ஐயர் அவரைக் கைவிட்டதாகச் செய்தி இல்லை. 1798 பிப்ரவரியில் ஐயர் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார். மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்து அந்த ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றியிருப்பதை அதில் பார்க்கலாம். அநாதைகளுக்குத் தந்தை, விதவைகளுக்கு ஆதரவு என்று ஐயரைப் போற்றும் ஆங்கில வரிகளை மன்னரே எழுதினார். சரபோஜியை வளர்த்தது வீண் என்று நீங்கள் சொல்வீர்களா?

உங்கள் கேள்வியில் “நானே வளர்த்தெடுத்தேன்” என்ற தொனி இருக்கிறது. அதைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பார்க்கப் போங்கள். கோவிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். முதல் ஊழியப் பயணத்தில் பெர்கேயில் பாதி வழியில் திரும்பிப்போன மாற்குவை மறுபடி அழைத்துப்போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே பவுல், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். இடையில் பர்னபா என்ன செய்தான், எத்தனை நாள் பொறுத்திருந்தான் என்று வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

கேள்வி: எனக்கு 62 வயது. மூன்று இளைஞர்கள் வாரந்தோறும் என்னிடம் வருகிறார்கள். சமீபத்தில் வியாபாரத்தில் நஷ்டமும், மனைவிக்கு உடல்நலக் குறைவும். என் கஷ்டத்தை அவர்களிடம் சொன்னால் அவர்கள் விசுவாசம் தளர்ந்துவிடுமோ என்று மறைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறேன். இது சரியா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை என்றே நினைக்கிறேன். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்று முழங்கிய கையோடு, தேமா என்னை விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான், துரோவாவில் கார்ப்பு என்பவன் வசத்தில் வைத்துவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு என்று எழுதுகிறார். குளிர் வரப்போகிறது, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை, தனியாக இருக்கிறேன் என்று தன் மகன் வயதுள்ள சீஷனிடம் சொல்வதற்கு அவர் வெட்கப்படவில்லை. தீமோத்தேயுவின் விசுவாசம் அதனால் தளர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதையெல்லாம் சொல்வது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். மனைவியின் நோயைப் பற்றி மனைவியின் அனுமதியோடு சொல்லுங்கள். நஷ்டம் ஏற்பட்டது என்பதைச் சொல்லலாம். ஆனால் அந்த இளைஞர்களிடம் கடன் கேட்காதீர்கள், ஜாமீன் கையெழுத்தும் கேட்காதீர்கள், ஏனென்றால் உங்களிடம் மறுத்துச் சொல்ல அவர்களால் முடியாது. மருந்து வாங்கிவரவோ, மருத்துவமனையில் ஓர் இரவு துணைக்கு இருக்கவோ கேளுங்கள். மூவரில் ஒருவராவது இதற்காகவே காத்திருப்பார். வாரந்தோறும் வாங்கிக்கொண்டு மட்டும் போவது அவர்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். அடுத்த வாரம் வரும்போது வழக்கமான வேதபாடத்துக்கு முன்பாகவே விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு உங்களுக்காக அவர்களை ஜெபிக்கச் சொல்லுங்கள்.